காருக்கு முட்டுக் கொடுத்த எல்லைக்கல்

ஜாக்கியின் கைப்பிடியை நாற்பது சுற்றாவது சுற்றியிருப்பேன். கார் ஒரு நெல்மணி உயரம்கூட எழும்பவில்லை.

"ரூபி, ஏறுதா?" என்று முன்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார் என் வீட்டுக்காரர்.

"இறங்குதுங்க."

"ஐயையோ, கார் இறங்குதா?"

"ஜாக்கி இறங்குது. கார் அது பாட்டுக்கு நிக்குது."

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வாசல் மண் கொழுக்கட்டை மாவுப் பதத்தில் இருந்தது. நான் சுற்றச் சுற்ற, ஜாக்கி கீழ்வேளூர்க் களிமண்ணுக்குள் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னும் பத்துச் சுற்று சுற்றியிருந்தால் கிணற்றுத் தண்ணீர் வந்திருக்கும்.

இவர் கையில் ஒரு புத்தகம். கார் வாங்கும்போது கூடவே கொடுத்த புத்தகம். எங்கள் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவார். பல சமயம் படித்துவிட்டுத் தொடவே மாட்டார்.

"கெட்டியான, சமமான தரையில் வண்டியை நிறுத்தவும்னு போட்டிருக்கு" என்றார்.

"அப்ப வண்டியைத் தூக்கிக்கிட்டுத் திருச்சிக்குப் போகணும். இங்க எங்கங்க இருக்கு கெட்டித் தரை?"

எழுபதுகளில் ஒரு சனிக்கிழமை காலை அது. வருஷத்தைக் கேட்காதீர்கள். மழை நினைவிருக்கிறது, பிரேக் ஆயில் நாற்றம் நினைவிருக்கிறது, அஞ்சலக்கா முகம் நினைவிருக்கிறது. எனக்கு அது போதும்.

எருமை

எங்கள் காருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் எருமை. கறுப்பு நிறம். மெதுவாகப் போகும். தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும். ஊரை விட்டுப் போன ஒரு டாக்டரிடம் வாங்கியது.

அதை நான்தான் ஓட்டினேன். நாகப்பட்டினத்தில் லாரி பட்டறை வைத்திருந்த என் அப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே ஸ்பானர் என் கைக்கு வந்தது. கல்யாணத்துக்கு மற்ற பெண்கள் வெள்ளிக் குத்துவிளக்கு கொண்டுபோனார்கள். நான் ஒரு பெட்டி ஸ்பானரும் லாரிக்குப் போடுகிற ஜாக்கி ஒன்றும் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜாக்கி அவ்வளவு கனம்.

நான் கார் ஓட்டிக்கொண்டு போனால் பஸ் ஸ்டாப்பில் இருக்கிற கொடிக்கம்பங்களுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எல்லாக் கட்சிக்காரர்களும் ஒன்றுபோலத் திரும்பிப் பார்ப்பார்கள். வேறு எதிலும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்ததில்லை.

அந்த எருமைக்கு முந்தின நாள் பிரேக் போய்விட்டது. பெடலை மிதித்தால் கால் தரையைத் தொட்டது. இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. சக்கரத்துக்குள் இருக்கிற சின்ன சிலிண்டரின் ரப்பர் தேய்ந்து, பிரேக் ஆயில் முழுக்க அந்த வழியாக வெளியே வந்திருந்தது. மாற்று ரப்பரும் பிரேக் ஷூவும் என் பெட்டியில் இருந்தன. சக்கரத்தைக் கழற்றினால் ஒன்றரை மணி நேர வேலை.

ஆனால் கழற்ற வேண்டுமே. அதற்கு முதலில் தூக்க வேண்டுமே.

யார் காரில் வருகிறார்?

ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில், ஓர் அதிகாரி யார் வண்டியில் வந்து இறங்குகிறார் என்று பார்த்தாலே தீர்ப்பு என்னவென்று தெரிந்துவிடும். பண்ணை காரில் வந்தால் பண்ணை வீட்டில் காபி. காபியோடு பண்ணைப் பேச்சு. அதற்கப்புறம் மத்தியானம் பண்ணையில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு வயலுக்கு யார் போவார்? அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு வர வேண்டியவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஆர்.ஐ. என்போம். மத்தியானம் ரயிலில் கீழ்வேளூர் ஸ்டேஷனில் இறங்குவதாக இருந்தது. வந்து பார்க்க வேண்டியது அஞ்சலக்காவின் மூன்று மா வயல், அதாவது ஒரு ஏக்கர்.

அஞ்சலக்கா எங்களுக்குப் பின் தெரு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். புருஷன் இறந்த பிறகு, அவர் குத்தகைக்கு வைத்திருந்த அந்த மூன்று மாவைத் தனியாக உழுது, நட்டு, அறுத்து, பண்ணைக்கு அளந்துகொண்டிருந்தார். ஏழு வருஷம். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

மேடைக்கு மேடை உழுகிறவனுக்கே நிலம் என்று பேச்சு. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி சர்க்கார் உத்தரவும் வந்துவிட்டது. உத்தரவு வந்த அன்றைக்கே எங்கள் ஊர்ப் பண்ணையில் குத்தகைக்காரர்கள் எல்லாரும் கூலியாள் ஆகிவிட்டார்கள்! அஞ்சலை யார்? நடவுக்கு வந்து கூலி வாங்கிக்கொண்டு போகிறவள். வயல் யாருடைய சாகுபடி? பண்ணையின் சொந்தச் சாகுபடி. சாகுபடிக் கணக்கான அடங்கலில் கர்ணம் அப்படியே எழுதியும் வைத்துவிட்டார்.

ஆர்.ஐ.யும் அதையே எழுதிவிட்டால் கதை முடிந்தது. நிலம் மட்டும் இல்லை, அஞ்சலக்கா நட்டு நின்றுகொண்டிருந்த பயிரும் பண்ணைக்கு. தை மாதம் அறுவடைக்கு அவர் தன் வயலிலேயே கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"தங்கச்சி, அந்த ஆபீசரை உன் கார்ல கூட்டியாந்து நேரா வயல்ல இறக்கிவுட்டுடு. மண்ணைப் பாத்தார்னா அவருக்கே தெரியும்" என்று வந்து கேட்டார்.

என் தாத்தா அதே பண்ணையில் ஏர் ஓட்டியவர். மிஷன் பள்ளிக்கூடம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் நானும் பின் தெருவில்தான் இருந்திருப்பேன். எனக்கு ரத்தம் கொதித்தது. "கூட்டியாறேன்க்கா" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பெடல் தரையைத் தொட்டது.

அப்பாவின் மூன்று விரல்

பிரேக் இல்லாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாமே என்று இவர்கூட ஒரு வார்த்தை சொன்னார். நான் பார்த்த பார்வையில் புத்தகத்துக்குள் போய்விட்டார்.

என் அப்பாவுக்கு இடது காலில் மூன்று விரல்தான். கடற்கரை மணலில் நின்ற லாரியை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கினார். மணல் சரிந்தது, ஜாக்கி சாய்ந்தது, இரண்டு விரல் போனது. அதற்கப்புறம் பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் செருப்பைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் வேலையைச் சொல்லிக் கொடுப்பார். பயத்தில் பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள்.

அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "ஜாக்கி தூக்கத்தான். தாங்கறதுக்கு வேற வை."

இன்னொன்றையும் நானாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் எருமை மாதிரி வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தைத்தான். கியரில் போட்டாலும் பிடிப்பது பின்சக்கரம்தான். அந்தப் பின்சக்கரத்தையே தூக்கிவிட்டால் வண்டியைப் பிடிக்க என்ன இருக்கிறது? போதாததற்கு, சக்கரத்துக்குள் இருக்கிற டிரம்மைக் கழற்ற ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தியாக வேண்டும். அதனால் முன்சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் உருளாதபடி அடை வைக்காமல் ஜாக்கியைத் தொடவே கூடாது.

"ஜெபம் பண்ணிட்டு ஆரம்பிப்போமா?" என்றார் இவர்.

"முதல்ல அடையை வைங்க. அப்புறம் ஜெபம்."

அடைக்குக் கல் வேண்டுமே! அங்கேதான் வந்தது வினை.

கல்லில்லாத சீமை

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் நெல் உண்டு, நண்டு உண்டு, பாம்பு உண்டு, கட்சி உண்டு. கல் கிடையாது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் மண். பத்து ஆள் ஆழம் தோண்டினாலும் ஒரு கூழாங்கல் கிடைக்காது. அம்மியும் ஆட்டுக்கல்லும் புதுக்கோட்டைப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் வரும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்கள். எங்கள் ஊர் நாய்களுக்கு அந்தப் பயமே இல்லை.

மாமியார் வீட்டு அம்மியைக் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் பிரேக்கை விடப் பெரிய ரிப்பேர் வீட்டுக்குள் வரும் என்று விட்டுவிட்டேன்.

காய்ந்த தென்னை மட்டையின் தடித்த அடிப்பக்கம் இருக்கிறதே, அது சரியான ஆப்பு வடிவம். நாலு வெட்டி முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சுத்தியலால் அடித்து இறுக்கினோம். வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இவர் ஜெபம் செய்தார்.

சக்கரத்து நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்தினேன். தூக்கின பிறகு தளர்த்தினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் ஆடும். அப்புறம் ஜாக்கி வைத்தேன். அது பாதாளம் போன கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நெல் வைக்கிற பத்தாயத்தின் பழைய பலகை ஒன்று கொல்லையில் கிடந்தது. வேம்பு. அதைப் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்ததும் நின்றது. சுற்றினேன். எருமை மெல்லப் பின்காலைத் தூக்கியது.

"ஏறுது, ஏறுது!" என்று இவர் கை தட்டினார்.

"தட்டாதீங்க. தாங்கறதுக்கு ஏதாவது கொண்டாங்க."

அச்சுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். செங்கல்லை அடுக்கலாம் என்றார். செங்கல் கனம் தாங்காமல் பொட்டென்று நொறுங்கும் என்றேன். நெல் மூட்டை என்றார். எலி கடித்தால் வண்டி இறங்கும் என்றேன். காலையிலேயே வந்துவிட்ட அஞ்சலக்கா கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தார். ரயில் நேரம் போய்க்கொண்டிருந்தது.

"கெட்டியா ஒரு கல்லு இருந்தா போதுமா தங்கச்சி?"

"போதும்க்கா. கல்லுக்கு எங்க போறது?"

அவர் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

நம்ம கல்லுதானே!

அரைமணி நேரத்தில் தலையில் கல்லோடு வந்தார். இரண்டடி நீளம், நாலு பக்கமும் சதுரம், முழுக்கச் சேறு. நானும் இவரும் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. அந்த மனுஷி ஒற்றை ஆளாய்ச் சுமந்து வந்திருந்தார்.

எனக்கிருந்த அவசரத்தில் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. படுக்கவைத்தேன், அதன்மேல் பனஞ்சட்டம் இரண்டு வைத்தேன், அச்சு அதில் உட்காரும்படி ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். வண்டியைப் பிடித்து உலுக்கினேன். மலை மாதிரி நின்றது. அதற்கும் மேலே ஒரு பாதுகாப்புக்கு, கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைத்தேன். தவறி விழுந்தாலும் சக்கரத்தின் மேல் விழட்டும், ரூபி மேல் விழ வேண்டாம்.

டிரம்மைக் கழற்றி, எண்ணெயில் ஊறின ஷூவை எடுத்து, சிலிண்டரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவர் வேலை இல்லாமல் நின்றார். வேலை இல்லாவிட்டால் இவர் எதையாவது துடைப்பார். கல்லைத் துடைத்தார்.

"ரூபி."

"என்ன?"

"இதுல அம்புக்குறி போட்டிருக்கு. நம்பர் போட்டிருக்கு."

நான் எட்டிப் பார்த்தேன். என் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

சர்வே கல்! சர்க்கார் அளந்து நட்ட எல்லைக்கல். அதைப் பிடுங்கினால் கேஸ்.

"அக்கா! இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"நம்ம வயல் மூலையிலேர்ந்துதான்" என்றார் அஞ்சலக்கா, ஏதோ தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்து வந்தது போல. "மழையில சாஞ்சு கிடந்துச்சு. ரெண்டு ஆட்டு ஆட்டினேன், வந்துடுச்சு."

"அடிப்பாவி அக்கா! இன்னைக்கு அந்த வயலைத்தானே அளக்க வர்றாங்க!"

"ஆமாம். அதனால என்ன? வயலு என்னுதுன்னா கல்லும் என்னுதுதானே?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நில வழக்குக்காக ஒரு கார், காருக்காக ஒரு பிரேக், பிரேக்குக்காக அந்த நிலத்தின் எல்லைக்கல். இப்படி ஒரு வேலையை எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய மாட்டார்கள். பண்ணைக்கு இதைவிட என்ன வேண்டும்? நிலம் திருட எல்லைக்கல்லையே பிடுங்கினாள் என்று எழுதிவிட்டால் போதும். வழக்கு போய் ஜெயில் வந்துவிடும்.

இவர் மெதுவாக விளக்கிச் சொன்ன பிறகுதான் அஞ்சலக்காவுக்குப் புரிந்தது. அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே என் தலையில மண்ணைப் போட்டுக்கிட்டேனே!"

பிரேக் கிடக்கட்டும், சக்கரத்தை மாட்டிவிட்டுக் கல்லைக் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று நான் எழுந்தேன். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. பண்ணை கார்.

கல்லைத் தேடி வந்தவர்கள்

ரயிலுக்கெல்லாம் அவர்கள் காத்திருக்கவே இல்லை. விடியற்காலையிலேயே ஆர்.ஐ. வீட்டு வாசலுக்குப் பண்ணை கார் போய், அவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டது. காபி ஆகிவிட்டது. வயலைக் காட்டப் போன இடத்தில் கல்லைக் காணோம். அஞ்சலை தலையில் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போனதை ஊரே பார்த்திருந்தது. நேரே இங்கே வந்துவிட்டார்கள்.

தெருச் சேற்றில் காரை இறக்க மனமில்லாமல் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். முன்னால் பண்ணையின் காரியஸ்தர் பக்கிரிசாமி. வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி அடி வைத்தார். பின்னால் ஆர்.ஐ. ஒல்லியான மனிதர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

"பாத்தீங்களா சார்! பட்டப்பகல்ல எல்லைக்கல்லைப் பிடுங்கிக் காருக்கு அண்டை குடுத்திருக்காளுங்க! ஏய் அஞ்சலை, எடுடி கல்லை!"

சொன்னதோடு நிற்காமல் குனிந்து கல்லின் முனையைப் பிடித்து இழுக்கப் போனார்.

"கையை எடுங்க!" என்று நான் கத்தின கத்தலில் மரத்திலிருந்த காக்கா பறந்தது. "ஆப்பைப் பிடுங்கின குரங்கு கதை தெரியுமா காரியஸ்தரே? கல்லு வந்தா வண்டியும் கூட வரும். உங்க மேலதான் வரும்."

அவர் பின்வாங்கினார். ஆர்.ஐ. குனிந்து, வண்டிக்கு அடியில் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். அடை, பலகை, சட்டம், சக்கரம்.

"யாரும்மா இதெல்லாம் வச்சது?"

"நான்தாங்க."

"கல்லைத் தவிர எல்லாம் சரியா இருக்கு" என்றார். சிரிக்கவில்லை. "கல்லு என் முன்னாலதான் திரும்பப் போகணும். பக்கிரிசாமி, உங்க கார்ல ஏத்திடலாமா?"

"சேத்துக் கல்லையா? பண்ணை கார்லயா? ஐயா என்னைக் கொன்னே போடுவார் சார்!"

ஆர்.ஐ. என்னைப் பார்த்தார். "உங்க வண்டி ஓடுமா?"

"பிரேக் போட்டா ஓடும்ங்க."

"போடுங்க. எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம்."

இவர் உள்ளே ஓடி நாற்காலி கொண்டுவந்தார். காபியும் வந்தது. எங்கள் வீட்டுக் காபி! ஆர்.ஐ. குடித்தார். அஞ்சலக்கா மட்டும் தலை நிமிரவே இல்லை. சேறு காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் எருமையால் ஒரு குடும்பத்தின் சோறு போகப் போகிறதே என்று நினைத்துக்கொண்டேதான் ரப்பரை மாற்றினேன், ஷூவை மாட்டினேன், டிரம்மைப் போட்டேன், சக்கரத்தை ஏற்றினேன். மறுபடி ஜாக்கியைக் கொடுத்துத் தூக்கி, கல்லை உருவி, எருமையைத் தரையில் இறக்கினேன். நட்டை எல்லாம் தரையில் வைத்து ஒரு தடவை இறுக்கினேன்.

மிதிங்க, விடுங்க

இன்னும் ஒரு வேலை பாக்கி. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் வண்டியில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து மூட, ஒருவர் ஆயில் குறையாமல் ஊற்ற வேண்டும். நான் பின்னால். இவர் ஆயிலோடு முன்னால்.

"காரியஸ்தரே, கல்லு சீக்கிரம் போகணும்னா கொஞ்சம் ஏறி உக்காருங்க."

முறைப்பார் என்று நினைத்தேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது! பண்ணை காரில் இருபது வருஷமாகப் போய் வந்தாலும் டிரைவர் சீட்டில் அவரை யாரும் உட்காரவிட்டதில்லை போலிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார்.

"மிதிங்க!" என்றேன்.

மிதித்தார். மூடியைத் திறந்தேன். குமிழ் குமிழாய்க் காற்று வந்தது. மூடினேன்.

"விடுங்க!"

ஆர்.ஐ. நோட்டை எடுத்துக்கொண்டு கார் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"ஏங்க, கல்லை இந்தம்மாதான் எடுத்தாங்கன்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? ஏற்கெனவே உங்க பண்ணை ஆளுங்க யாராவது பிடுங்கிப் போட்டிருந்தா?"

"எங்க ஆளா?" பக்கிரிசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மிதிங்க!"

"எங்க ஆளு அந்த வயல்ல கால் வச்சு ஏழு வருஷமாச்சு சார்!"

"விடுங்க!"

"வரப்பு வெட்டறது அவ. நாத்து விடறது அவ."

"மிதிங்க!"

"அறுக்கறதும் அவதான். அவளைத் தவிர அந்தப் பக்கம் யாரு போறா? வேற எவன் வந்து எடுத்திருப்பான்? நல்லா எழுதுங்க சார்!"

"விடுங்க!"

நான் வண்டிக்குப் பின்னால் மண்ணில் படுத்திருந்தேன். காற்று நின்று, சுத்தமான ஆயில் சீராக வந்துகொண்டிருந்தது. மூடியை மூட மறந்துபோனேன். முன்னால் இவர் ஆயிலைப் பாத்திரத்தில் ஊற்றுவதற்குப் பதிலாகத் தன் காலில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆர்.ஐ.யின் பேனா மட்டும் நிற்காமல் ஓடியது.

"சரியாத்தான் எழுதியிருக்கேனா பாருங்க" என்று அவர் ஆபீஸ் தமிழில் படித்துக் காட்டினார். மேற்படி நிலத்தில் ஏழு வருடங்களாகப் பண்ணை ஆட்கள் எவரும் இறங்கியதில்லை என்றும், வரப்பு, நாற்று, அறுவடை அனைத்தும் அஞ்சலையே செய்து வருகிறார் என்றும், ஆகவே கல்லை அவரே எடுத்திருக்க வேண்டும் என்றும்.

"ரொம்பக் கரெக்டு!" என்று ஸ்டீரிங் மேலேயே நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார் பக்கிரிசாமி. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன்.

மறுபடி ஒரு தடவை காற்றெடுத்து மூடியை இறுக்கிவிட்டு, தெருக்கோடி வரை ஓட்டி பிரேக்கைச் சோதித்துப் பார்த்துவிட்டு வந்தேன். கல் டிக்கியில் ஏறியது. ஆர்.ஐ. முன்சீட்டில், என் பக்கத்தில். பின்சீட்டில் அஞ்சலக்காவும் காரியஸ்தரும், ஆளுக்கொரு ஜன்னல் ஓரமாக. அந்த இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்த சரித்திரம் அன்றைக்குத்தான் நடந்தது.

மதகு தாண்டினதும் பின்னாலிருந்து ஒரு கனைப்பு.

"சார்... அந்த எழுதினதை இன்னொரு தடவை காட்டுறீங்களா?"

"எழுதியாச்சுங்களே" என்றார் ஆர்.ஐ., வெளியே பயிரைப் பார்த்துக்கொண்டு.

சர்க்கார் திட்டியது

கல்லை ஆர்.ஐ. முன்னாலேயே பழைய குழியில் நட்டாயிற்று. அஞ்சலக்காவுக்கு அன்றைக்கு எதுவும் புரியவில்லை. நான் சொல்லியும் நம்பவில்லை. "கல்லு எடுத்தேன்னுதானே எழுதிக்கிட்டுப் போயிருக்காரு. ஜெயிலுக்குப் போட்டா பயிரை யாரு பாக்குறது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். காரியஸ்தர் திங்கட்கிழமையே தாலுகா ஆபீசுக்கு ஓடினார் என்று கேள்வி. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். பண்ணைக்கு மேலே எத்தனையோ வாசல் உண்டு. ஒரு ஆர்.ஐ. எழுதின எழுத்து அத்தனை வாசலையும் தாண்டி நிற்குமா?

பயிர் கதிர் வாங்கின பிறகு ஒருநாள் தபால்காரர் பின் தெருவுக்கே போய் ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்திருக்கிறார். அஞ்சலக்கா பேருக்கு அதற்கு முன்னால் ஒரு கடுதாசிகூட வந்ததில்லை. அதைப் பிரிக்காமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

இவர் பிரித்துப் படித்தார். எல்லைக்கல்லை அகற்றியது பற்றிய எச்சரிக்கை. பத்து வரி. முதல் வரியை இவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"மேற்படி மூன்று மா நிலத்தின் குத்தகை சாகுபடிதாரரான அஞ்சலை என்பவர்..."

அதற்குக் கீழே எல்லாம் வசவுதான். சர்க்கார் கல், கவனமின்மை, இனி இப்படிச் செய்தால் கடும் நடவடிக்கை என்று வரிசையாக.

"யாரைத் திட்டுது சார்?" என்றார் அஞ்சலக்கா.

"உங்களைத்தான்."

"எந்த வயலுக்கு?"

"உங்க வயலுக்கு."

"என் வயலுன்னா போட்டிருக்கு? சர்க்காரா போட்டிருக்கு?"

"சீல் வச்சுப் போட்டிருக்கு. பேர் பதிவாகாம இப்படி எழுத மாட்டாங்க."

அவர் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "அந்த மொத வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார்" என்றார். இவர் படித்தார். "இன்னும் ஒரு தடவை." படித்தார்.

"தங்கச்சி, சர்க்காரே என்னைத் திட்டிடுச்சு பாத்தியா!" என்று சொல்லி, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன். இவர் யாரும் கேட்காமலே நாலாவது தடவை முதல் வரியைப் படித்தார்.